நாற்பது பாட்டில் பிள்ளைப் பீர்

குமிழி வரவில்லை.

நிலவறையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, மூடியில் செருகியிருந்த சின்னக் குழாயையே யோரிஸ் இருபது நிமிடமாக முறைத்துக்கொண்டிருந்தான். குழாய்க்குள் ஒரு விரற்கடை தண்ணீர். வாளிக்குள் ஈஸ்ட் வேலை செய்தால் அந்தத் தண்ணீர் வழியாகக் காற்று 'ப்ளக்... ப்ளக்...' என்று வெளியே வர வேண்டும். காய்ச்சி ஊற்றி மூன்று நாளாயிற்று. ஒரு ப்ளக்கூட இல்லை.

படிக்கட்டின் மேலிருந்து நேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய எட்டரை மாத வயிறு எட்டிப் பார்த்தது.

"இன்னும் வரலையா?"

"வரல."

"எனக்கும்தான் வரல. நான் இப்படி உக்காந்து அழுறேனா?"

"உன்னப் பாத்துக்க டாக்டர் இருக்காரு. என்னப் பாத்துக்க உங்கப்பாதான் இருக்காரு."

அதுதான் விஷயம். அந்தப் பக்கத்தில் குழந்தை பிறந்தால் மூன்றாவது வாரம் ஊரைக் கூப்பிட்டு, சர்க்கரை பூசிய பாதாமும், குழந்தையின் பெயர் ஒட்டிய பீரும் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் நேலேயின் அப்பா கோமார் இருக்கிறாரே! முப்பது வருடத்துக்கு முன்னால் நேலே பிறந்தபோது அவர் தன் கையாலேயே பிள்ளைப் பீர் காய்ச்சினாராம். ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட கோதுமைப் பீர். அதைக் குடித்துவிட்டுப் பாதிரியார் இரண்டாவது கிளாஸ் கேட்டாராம். கோமார் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகத் தபாலோடு சேர்த்து இந்தக் கதையையும் அவரே கொடுத்துவிட்டு வந்ததால் ஊரில் அது தெரியாத ஆள் கிடையாது.

ஈஸ்டர் சாப்பாட்டில் அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, நீ ஓஸ்டெண்ட்காரன். கடக்கரைல பொறந்தவனுக்கு இறால் உரிக்கத் தெரிஞ்சாப் போதும். பீரை எங்கிட்ட விட்டுரு."

யோரிஸ் அப்போது இரண்டு கிளாஸ் உள்ளே போன தைரியத்தில் இருந்தான். "இல்ல மாமா. எம்புள்ளைக்கு நானே காய்ச்சுறேன்."

மாமியார் ஒடெட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி," என்றார் கோமார். "பீர் காய்ச்சுனவன்தான் விருந்துல புள்ளையக் கையில வாங்கி மொத வாழ்த்துச் சொல்லணும். நம்ம வீட்டு வழக்கம் அது. நல்லா வந்தா நீ தூக்கு. சொதப்புனா நான் தூக்குறேன். நான் வாழ்த்து சொல்லிக்கிறேன்."

யோரிஸ் அந்த வாழ்த்தை அன்று மாலையே எழுதிவிட்டான். இதுவரை பதினோரு தடவை திருத்தியும்விட்டான். பெற்ற மகளை நாலு பேர் முன்னால் முதல் முதலாகக் கையில் ஏந்துவது அப்பனா, மீசைக்காரத் தாத்தாவா என்பது அந்த வாளிக்குள்தான் இருந்தது. அந்த வாளியோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

அவன் மாமாவுக்கே போன் போட்டான்.

"மாமா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். மூணு நாளாக் குமிழி வரலன்னா என்ன பண்ணுவாங்க?"

"யாருக்கு வரல?"

"ஒரு நண்பனுக்கு."

"அந்த நண்பன்கிட்ட சொல்லு, பீருக்குக் கதகதப்பு வேணும், பாசம் வேணும்."

"எத்தனை டிகிரி மாமா?"

"டிகிரியா? நான் காய்ச்சினப்ப டிகிரியெல்லாம் யாரு பாத்தா? கையே சொல்லும் மாப்ள!"

யோரிஸின் வேலை கண்ணாடிக் கடையில். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தப்பினால் தூக்கம் வராத ஆள். அவனுடைய கை இதுவரை அவனிடம் எதுவும் சொன்னதில்லை.

வீட்டிலேயே கதகதப்பான இடம் குழந்தைக்காகத் தயார் செய்திருந்த அறைதான். போன வாரம்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். யோரிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டில் பக்கத்தில் வைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பாக்கெட் ஈஸ்டைப் போட்டான். மூடி சரியாக அழுந்தாமல் ஓரத்தில் லேசாகக் காற்றுப் போவதை அப்போதுதான் கவனித்தான். குமிழி வராததற்குக் காரணமே அதுதான். பீர் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அது அவனுக்கு உறைக்கவில்லை. மூடியின் ஓரத்தில் முட்டியை வைத்து ஏறி அழுத்தினான். குழந்தையின் மெத்தைப் போர்வையை எடுத்து வாளியைச் சுற்றிக் கட்டினான்.

அரை மணியில் 'ப்ளக்' என்றது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஒரு பாட்டிக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேலேயின் போன் வந்தது.

"யோரிஸ், சாந்தமா இரு."

"என்னாச்சு? வலியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. குழந்தை ரூம்ல ஏதோ வெடிச்சுது. சீலிங்ல ஆரஞ்சுத் தோல் ஒட்டிட்டிருக்கு."

வந்து பார்த்தான். தோல் ஒன்று குழாயில் போய் அடைத்துக்கொள்ள, உள்ளே சேர்ந்த காற்று மூடியையே பிய்த்து எறிந்திருந்தது. வெள்ளைக் கூரையில் பழுப்பாக ஒரு தேசப்படம். தொட்டிலுக்கு மேலே தொங்கிய துணி யானைகள் நாலும் கொத்தமல்லி விதையோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"கடையில வாங்கிரலாமே," என்றாள் நேலே. "யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்கப்பாவுக்கா தெரியாது? அவரு போட்ட பீர் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு அப்ப மூணு வாரம் யோரிஸ். நான் பால்தான் குடிச்சேன்."

கூரைக்கு மறுபடி வெள்ளை அடித்தாயிற்று. ஆனால் பத்து லிட்டர் பீர் ஏழு லிட்டராகியிருந்தது. ஏழு லிட்டருக்கு நாற்பது பாட்டில் நிரம்பாது. யோரிஸ் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தண்ணீர் ருசி தெரியக்கூடாதே என்று நிறையச் சர்க்கரை போட்டு, ஆறவைத்து ஊற்றினான். ருசி பார்த்தான். மணம் காணவில்லை. இன்னொரு கைப்பிடி ஆரஞ்சுத் தோல். இப்போது கசந்தது. கசப்புக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை.

நாள் குறைந்துகொண்டே வந்தது. சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும் என்று அவன் வாங்கிய புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எத்தனை நாள் என்று போட்டிருந்த பக்கம் வெடிப்பில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் இரண்டு நாள் காத்திருந்தான். பிறகு பாட்டில் ஒன்றுக்கு ஒன்று புள்ளி ஐந்து கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்து, ஒரு படிகம் கூடாமல் குறையாமல் போட்டு, நாற்பது பாட்டிலுக்கும் மூடி அடித்தான். வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக அவன் ஒரு தப்பைச் செய்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் காபிக்கு வந்தார்கள். அரிசிப் பாயச டார்ட்டை ஒடெட் வெட்டிக்கொண்டிருந்தார்.

டப்.

"என்ன சத்தம் அது?" என்றார் கோமார்.

"பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க மாமா."

"ஞாயித்துக்கிழமையா?"

டப். டப். அப்புறம் கண்ணாடி சிதறும் ஓசை.

"கண்ணாடி ஆணி போல," என்றாள் நேலே, டார்ட்டைப் பார்த்துக்கொண்டே.

கோமார் எழுந்தார். "நிலவறைலேருந்து வருது. அப்படியே பீரையும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன்."

யோரிஸ் காபியைக் கொட்டிக்கொண்டு பாய்ந்து போய் நிலவறைக் கதவில் முதுகை வைத்து நின்றான். "போகக் கூடாது மாமா!"

"ஏன்?"

ஏன்? வாய் அதுவாகச் சொன்னது: "லேபிள் ஒட்டிட்டேன். பேரு எழுதியிருக்கு."

கோமார் நின்றுவிட்டார். பிறக்கிறவரை குழந்தையின் பெயரைப் பெற்ற இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. தாத்தா ஆனாலும் சரி, கேட்கவும் கூடாது. அந்த விஷயத்தில் கோமார் ரொம்பக் கண்டிப்பு. தபால் ஆபீஸில் அடுத்தவன் கடிதத்தைப் பிரிக்காத மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆனால் ஒடெட் எழுந்துகொண்டார். "மொத எழுத்து மட்டும் சொல்லேன் மாப்ள."

"அத்தை, வேணாம்."

"சாவித் துவாரம் வழியாப் பாத்துக்கிறேன். கதவைக்கூடத் தொறக்க மாட்டேன்."

டப்.

"அடடா, மறுபடியும் ஆணி," என்றான் யோரிஸ். அவனுக்குக் காது வரைக்கும் வியர்த்திருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் கடை விட்டு வந்ததும் அவன் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, நீச்சல் கண்ணாடி போட்டு, அடுப்புக் கையுறையோடு நிலவறைக்கு இறங்கினான். ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து காற்றைப் போக்கி மறுபடி மூடுவது என்று திட்டம். திறந்தால் பாதிப் பீர் நுரையாகிச் சுவரில் ஏறியது. மூடி வைத்தால் மறுநாள் மீதிப் பாதி வெடித்தது. அவன் உள்ளே போகும்போது முப்பத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தாறு என்று குறைந்துகொண்டே போயிற்று.

நாலாவது நாள் பத்தொன்பதாவது பாட்டிலின் முன்னால் குனிந்திருந்தபோது மேலேயிருந்து நேலே கத்தினாள்.

"யோரிஸ்! உடைஞ்சிருச்சு!"

"எத்தனாவது?"

"பாட்டில் இல்லடா! பனிக்குடம்!"

லூவன் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சைக்கிள் விபத்துன்னா அடுத்த கட்டடம் சார்." அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை என்று தெரிந்தது. நீச்சல் கண்ணாடியும் இன்னும் நெற்றியில்தான் இருந்தது.

ஃபீன் பிறந்தாள். மூன்று கிலோ நானூறு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. யோரிஸுக்கு ஒரு மணி நேரம் பீரே மறந்து போனது. பிறகு கோமார் பூங்கொத்தோடு வந்து, பேத்தியைப் பார்த்து அழுது, பெயரைக் கேட்டு மறுபடி அழுது, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"இப்பதான் பேரு தெரிஞ்சிருச்சே. இனி நிலவறைக்குப் போகலாம்ல?"

"விருந்தன்னைக்கே பாருங்க மாமா. ருசி ஊறட்டும்."

"ஊறட்டும், ஊறட்டும். மொத பாட்டிலை நான்தான் தொறப்பேன். சொல்லிட்டேன்."

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. மிஞ்சியது பதினோரு பாட்டில். யோரிஸ் தைரியத்தைத் திரட்டி ஒன்றைத் திறந்து குடித்தான். காற்றும் இல்லை, நுரையும் இல்லை. மழையில் ஊறிய அட்டைப்பெட்டியை ஆரஞ்சுத் தோலோடு பிழிந்து எடுத்த மாதிரி இருந்தது. தொட்டிலில் தூங்கிய மகளைப் போய்ப் பார்த்தான். பன்னிரண்டாவது தடவை திருத்திய வாழ்த்துத் தாள் சட்டைப் பையில் கனத்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இர்மாவின் பீர்க் கடைக்குப் போனான். ஊரில் இருப்பதே அந்த ஒரு கடைதான். காரை யாரும் பார்க்கக் கூடாதென்று மாதா கோயிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சுவர் ஓரமாக நடந்து வந்தான்.

எண்பது வயது இர்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோயிலுக்குப் பின்னாடி காரை விட்டா மூணு தெருவுக்கும் தெரியும் தம்பி. முன்னாடியே விட்டிருந்தா ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

யோரிஸ் கடைக் கதவை இறுகச் சாத்தினான். "கோதுமைப் பீர் வேணும். ஆரஞ்சுத் தோலு, கொத்தமல்லி..."

"புள்ள என்ன எடை?"

"மூணு கிலோ நானூறு."

"நல்ல எடை." ஊசியைக் கீழே வைத்தாள். "சின்ன பாட்டில். ரெண்டு பெட்டி. லேபிள் இல்லாதது."

கேள்வியாகக் கேட்கவில்லை. எழுந்து போய்த் திரைக்குப் பின்னாலிருந்து காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். பழுப்பு பாட்டில்கள், மொழுமொழுவென்று, ஒரு காகிதத் துணுக்கு இல்லை. லேபிளை எப்படி உரிப்பது என்று வழியெல்லாம் குமைந்துகொண்டே வந்திருந்த யோரிஸுக்கு அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க. முக்கியமா எங்க மாமாகிட்ட."

"நான் பீர் விக்கிறவ தம்பி, வம்பு விக்கிறதில்ல." விரலை நீட்டினாள். "ஆனா காலி பாட்டிலும் பெட்டியும் திங்கக்கிழமை இங்க வந்துரணும். அதுல மட்டும் நான் ரொம்பப் பொல்லாதவ. மறக்கவே மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாதாம் கிண்ணங்களுக்கு நடுவில் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினான் யோரிஸ். ஒவ்வொன்றிலும் அவனே வரைந்த லேபிள்: 'ஃபீன். காய்ச்சியது: அப்பா.' இரண்டாவது வரி தன் கண்ணில் படாதபடி எல்லாவற்றையும் எதிர்ப்புறம் திருப்பி வைத்தான்.

உறவும் ஊருமாக முப்பது பேர் கூடிவிட்டார்கள். கோமார் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். பாட்டிலைத் திறந்தார். 'புஸ்' என்று அளவான சத்தம். சாய்த்த கிளாஸில் வெண்மஞ்சளாகக் கலங்கி இறங்கி, மேலே இரண்டு விரல் நுரை கட்டியது. மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். எல்லார் கண்ணும் அவர் மீசைமேல். நேலே மட்டும் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கோமார் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மிடறு. மீசையில் நுரை அப்படியே நின்றது.

முடிந்தது கதை, என்று நினைத்தான் யோரிஸ். கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ள," என்றார் கோமார். குரல் கரகரத்தது.

"மாமா... நான் சொல்லிர்றேன் மாமா..."

"ஒண்ணும் சொல்லாத. இது... நேலே பொறந்தப்ப நான் காய்ச்சுனேனே, அதேதான்! அச்சு அசல் அதே ருசி!"

தோட்டம் முழுக்கக் கைதட்டல். கோமார் நேலேயிடமிருந்து பேத்தியை வாங்கி, ஒரு நொடி நெஞ்சோடு வைத்துப் பார்த்துவிட்டு, யோரிஸின் கையில் கொடுத்தார். "நீதான் தூக்கணும். நியாயமா உனக்குத்தான்."

கையில் மகளின் சூடு. சட்டைப் பையில் வாழ்த்து. யோரிஸ் தாளை விரித்தான். 'உனக்காக என் கையாலேயே காய்ச்சிய' என்ற இடம் வந்ததும் தாளை மடித்தான். அந்த வரியை விழுங்கிவிட்டு, "உங்கப்பனுக்கு நெறைய விஷயம் தெரியாது ஃபீன். கத்துக்கிறேன்," என்றான். அது தாளில் இல்லை. ஒடெட் கைக்குட்டையை எடுத்தார். பாதாமை வாயில் போட்ட சித்தப்பா ஒருவர் மெல்வதையே நிறுத்திவிட்டார்.

கோமார் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஆரஞ்சுத் தோல் எவ்வளவு போட்ட?"

யோரிஸுக்கு ஒரு எண்ணும் ஞாபகம் வரவில்லை. "அது... கையே சொல்லிச்சு மாமா."

கோமார் மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். "அப்படித்தான்!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்பாடா என்று யோரிஸ் திரும்பினான். தோட்ட வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இர்மா நின்றாள்.

யார் கூப்பிட்டது இவளை? பக்கத்தில் பார்த்தால் கோமாரும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார்.

"புள்ளையப் பாக்க வந்தேன்," என்றாள் இர்மா. பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், இரண்டு பாதாமைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒடெட் ஒரு கிளாஸ் பீரை நீட்டினார். "மாப்ளயே காய்ச்சுனதுங்க இர்மா!"

"அப்படியா?" இர்மா ஒரு மிடறு குடித்தாள். "நல்லா இருக்கே."

அவ்வளவுதான். கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினாள். யோரிஸும் கோமாரும் ஒரே நேரத்தில் அவளுடைய கோட்டை எடுக்கப் பாய்ந்து, ஆளுக்கு அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் கொண்டுபோய் விடுறேன் மாமா, நீங்க உக்காருங்க."

"நீ புள்ளையப் பாரு மாப்ள, நான் விட்டுட்டு வரேன்."

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்? விடு கோட்டை!"

இர்மா இரண்டு பேர் கையிலிருந்தும் கோட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, தோட்டத்துக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"கோமார், நாளைக்கு உன் மாப்ள காலிப் பெட்டியத் திருப்பிக் கொண்டாரப்போ, நேலே பொறந்தப்ப நீ தூக்கிட்டுப் போன ரெண்டு பெட்டியையும் சேத்துக் குடுத்து அனுப்பிரு, முப்பது வருஷமாச்சு!"